தன் கணக்கில் தானே பற்று எழுதியவர்

விளையாட்டு வீரர்களை இரு வகையினராகப் பிரிப்பது நெடுநாளைய வழக்கம். ஆட்டத்தையே தொழிலாகக் கொண்டு, அதனால் வரும் பரிசுப் பணத்தைக் கொண்டும் ஊதியத்தைக் கொண்டும் வாழ்பவர் தொழில்முறை வீரர். வேறொரு தொழிலால் வாழ்ந்துகொண்டு, ஆட்டத்தை ஆட்டத்தின் பொருட்டே ஆடுபவர் அமெச்சூர். இன்றைய பேச்சு வழக்கில் அமெச்சூர் என்றால் தேர்ச்சி போதாதவர் என்ற பொருளும் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆனால் அச்சொல்லின் லத்தீன் வேருக்கு ‘நேசிப்பவர்’ என்பதே பொருள். நேசத்தினால் மட்டும் ஆடிய ஒருவர், அந்த ஆட்டத்தையே பிழைப்பாகக் கொண்டவர்கள் அனைவரையும் வென்று காட்டிய வரலாறு ஒன்று உண்டு. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த பாபி ஜோன்ஸ் என்னும் கோல்ஃப் வீரரின் வரலாறு அது. பணத்தோடும் கணக்கோடும் நாள்தோறும் உறவாடும் நமக்கு, அதில் எண்ணிப் பார்க்கத்தக்க செய்திகள் சில இருப்பதால், இவ்விதழில் அதனைப் பாடமாக எடுத்துக்கொள்கிறோம்.

ஆட்டமும் அதன் கணக்கும்

கோல்ஃப் நம் நாட்டுக்குப் புதியதன்று. 1829-இல் தொடங்கப்பட்ட ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப், பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே தோன்றிய கோல்ஃப் கழகங்களுள் மிகப் பழமையானது. ஆயினும் வாசகர்களுள் பலர் இவ்வாட்டத்தை அறிந்திருக்க மாட்டார்கள் என்பதால், அதன் அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவது நலம்.

பரந்த புல்வெளியில் 18 குழிகள் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்திருக்கும். ஒவ்வொரு குழிக்கும் உரிய தொடக்க இடத்திலிருந்து பந்தை மட்டையால் அடித்துக் கொண்டுசென்று, அக்குழிக்குள் விழச் செய்ய வேண்டும். எத்தனை அடிகளில் பந்து குழிக்குள் சென்றது என்பதே கணக்கு. குறைந்த அடிகளில் முடிப்பவர் வெற்றி பெறுவார். தேர்ந்த ஆட்டக்காரர் ஒருவருக்கு ஒரு குழியை முடிக்க எத்தனை அடிகள் போதும் என்று முன்னரே வகுத்து வைத்திருக்கும் அளவுக்குப் ‘பார்’ என்று பெயர்.

மற்ற விளையாட்டுகளுக்கும் இதற்கும் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. கிரிக்கெட்டில் நடுவர் விரலை உயர்த்தும் வரை மட்டையாளர் ஆடுகளத்தில் நிற்கலாம். கோல்ஃபில் ஒவ்வோர் ஆட்டக்காரர் பின்னாலும் நடுவர் நடந்து வருவதில்லை. பந்து புதருக்குள் போய்விட்டால் அங்கே நடப்பதை ஆட்டக்காரர் ஒருவரே காண்பார். விதியை மீறியிருந்தால், அதைத் தாமே அறிவித்துத் தம் கணக்கில் ஓர் அடியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். உடன் ஆடுபவர் குறித்த எண்ணிக்கை அட்டையைச் சரிபார்த்து, கையொப்பமிட்டு ஒப்படைக்கும் பொறுப்பும் அவருடையதே. ஆட்டத்தின் பெரும்பகுதி, ஆடுபவரின் சொல்லை நம்பியே நடைபெறுகிறது.

பலனற்ற ஏழு ஆண்டுகள்

ராபர்ட் டைர் ஜோன்ஸ், 1902 மார்ச் 17 அன்று அட்லாண்டா நகரில் பிறந்தார். தந்தை வழக்கறிஞர், பாட்டனார் துணி ஆலை நடத்திய செல்வந்தர். குழந்தைப் பருவத்தில் நோய்வாய்ப்பட்டு மெலிந்திருந்த மகனின் உடல்நலம் கருதி, குடும்பத்தார் கோடைக்காலத்தில் ஈஸ்ட் லேக் கோல்ஃப் களத்தின் அருகே குடியிருந்தனர். அக்களத்தில் ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டி ஊரிலிருந்து வந்த ஸ்டூவர்ட் மெய்டன் என்பவர் பயிற்சியாளராக இருந்தார். சிறுவன் ஜோன்ஸ் முறையாகப் பாடம் கேட்டதைவிட, மெய்டனின் பின்னால் நடந்து, அவர் மட்டையை வீசும் விதத்தைப் பார்த்துப் பார்த்துத் தானும் அவ்வாறே வீசிப் பழகியதே மிகுதி.

14-ஆம் வயதில், 1916-இல், பிலடெல்பியாவை அடுத்த மெரியனில் நடந்த அமெரிக்க அமெச்சூர் போட்டியில் கலந்துகொண்டு காலிறுதிவரை முன்னேறினார். நாடே அவரை வியந்து நோக்கியது. அடுத்த பெருவெற்றி விரைவில் வரும் என அனைவரும் எதிர்பார்த்தனர். ஆனால் அதற்குப் பின் ஏழு ஆண்டுகள் வரை பெரும்போட்டி எதிலும் அவருக்குப் பட்டம் கிட்டவில்லை.

திறமையில் குறைவில்லை, குறை சினத்தில் இருந்தது. அடி பிழைத்தால் மட்டையை வீசி எறியும் பழக்கம் அவருக்கு இருந்தது. 1921-இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில், கோல்ஃபின் தாய்வீடு எனப் போற்றப்படும் பழைய களத்தில், ஓபன் போட்டியின் மூன்றாம் சுற்றை ஆடிக்கொண்டிருந்தார். முதல் ஒன்பது குழிகளுக்கு 46 அடிகள் ஆகிவிட்டன. 11-ஆம் குழியருகே பந்து மணற்குழியில் சிக்கிக்கொண்டது. பொறுமையிழந்த அந்த 19 வயது இளைஞர் அத்துடன் போட்டியைக் கைவிட்டார். அதே ஆண்டில் அமெரிக்க அமெச்சூர் போட்டியில் அவர் சினத்தில் எறிந்த மட்டை, பார்வையாளர் ஒருவரின் காலில் பட்டது. சினத்தை அடக்கிக்கொள்ளாவிட்டால் இனி எங்கள் போட்டிகளில் ஆட முடியாது என்று அமெரிக்க கோல்ஃப் சங்கத்தின் தலைவர் அவருக்குக் கடிதம் எழுதினார்.

அக்கடிதத்தை ஜோன்ஸ் அவமதிப்பாகக் கொள்ளவில்லை. தம்மைத் திருத்திக்கொள்ள முனைந்தார். எதிரே ஆடுபவர் யார், அவர் எத்தனை அடிகளில் முடித்தார் என்று பார்த்துப் பதறுவதை விட்டுவிட்டு, குழிக்கு வகுத்த ‘பார்’ அளவை மட்டுமே தம் எதிராளியாகக் கொண்டு ஆடப் பழகினார். எதிராளி ஒரு நாள் சிறப்பாக ஆடுவார், ஒரு நாள் தடுமாறுவார். ‘பார்’ என்றும் ஒரே நிலையில் நிற்பது. தடுமாறுவதுமில்லை, வியக்க வைப்பதுமில்லை. அதனோடு ஆடுபவருக்கு அமைதி தானே வரும் என்பதை அவர் கண்டுகொண்டார்.

படிப்பும் தொழிலும் ஆட்டமும்

1923-இல் நியூயார்க்கை அடுத்த இன்வுட் களத்தில், பாபி க்ரூக்‌ஷாங்க் என்னும் தொழில்முறை வீரரை முடிவுச் சுற்றில் 76-க்கு 78 என்ற கணக்கில் வென்று, அமெரிக்க ஓபன் பட்டத்தைக் கைப்பற்றினார். அது முதல் 1930 வரை எட்டுப் பருவங்களில் அவர் வென்ற பெரும் பட்டங்கள் 13. அமெரிக்க அமெச்சூர் ஐந்து முறை. அமெரிக்க ஓபன் நான்கு முறை. பிரிட்டனின் ஓபன் மூன்று முறை. பிரிட்டிஷ் அமெச்சூர் ஒரு முறை. இவற்றுள் ஓபன் போட்டிகள் தொழில்முறை வீரர்களும் அமெச்சூர்களும் ஒருங்கே ஆடுபவை. 1922 முதல் 1930 வரை ஒன்பது அமெரிக்க ஓபன் போட்டிகளில் நான்கில் முதலிடமும், நான்கில் இரண்டாமிடமும் பெற்றார் என்பதிலிருந்து, அக்காலத்துத் தொழில்முறை வீரர்களிடையே அவர் நின்ற உயரத்தை நாம் உணரலாம்.

இந்த ஆண்டுகளில் அவர் ஆட்டத்தை மட்டும் செய்துகொண்டிருக்கவில்லை என்பது கருதத்தக்கது. 1922-இல் ஜார்ஜியா டெக் கல்லூரியில் இயந்திரப் பொறியியல் பட்டம் பெற்றார். பின்னர் ஹார்வர்டில் ஆங்கில இலக்கியம் பயின்றார். 1924-இல் திருமணம் செய்துகொண்டார். அதன்பின் எமரி பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கச் சேர்ந்து, படிப்பு முடிவதற்கு முன்னரே வழக்கறிஞர் தகுதித் தேர்வில் தேறி, தந்தையின் அலுவலகத்தில் பணியேற்றார். ஆண்டில் சில மாதங்கள் மட்டுமே போட்டிகளுக்கு. எஞ்சிய காலம் படிப்புக்கும் தொழிலுக்கும் குடும்பத்துக்கும். அவருக்குப் பரிசுக் கோப்பைகள் கிடைத்தன. பரிசுப் பணம் கிடைக்கவில்லை. அட்லாண்டா அன்பர்கள் அவருக்கு வீடு வாங்கித் தரவென 50,000 டாலர் திரட்டியபோது, அமெச்சூர் தகுதிக்கு அது பொருந்துமா என்னும் ஐயம் எழுந்தது. ஐயம் எழுந்த பணத்தை அவர் வைத்துக்கொள்ளவில்லை, திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். பணம் பெறாமல் ஆடுவது எல்லார்க்கும் இயன்றதன்று. வசதியுள்ள குடும்பத்தில் பிறந்ததனால் ஜோன்ஸுக்கு அது இயன்றது. அக்காலத்தில் பல கோல்ஃப் கழகங்கள் தொழில்முறை வீரர்களைக் கூலிக்காரர்களாகவே நடத்தின. கழகக் கட்டடத்துக்குள் நுழையவும் விடவில்லை. 1920-இல் இன்வர்னஸ் களத்தில் நடந்த அமெரிக்க ஓபன் போட்டியில்தான் அந்தக் கதவு அவர்களுக்குத் திறந்தது. உழைப்புக்கு ஊதியம் பெறுவதில் எவ்வித இழிவும் இல்லை. ஆகவே ஜோன்ஸின் பெருமை அவர் பணம் வாங்கவில்லை என்பதில் மட்டும் அடங்கியதாக நாம் கொள்ளலாகாது. ஏற்றுக்கொண்ட விதிக்கு, யாரும் பார்க்காதபோதும் கட்டுப்பட்டார் என்பதிலேதான் அது இருக்கிறது. அதற்குச் சான்று 1925-ஆம் ஆண்டு நிகழ்ச்சி.

ஒரே ஓர் அடி

1925-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வுஸ்டர் களத்தில் அமெரிக்க ஓபன் போட்டி நடைபெற்றது. முதற்சுற்றின் 11-ஆம் குழியில் ஜோன்ஸின் பந்து உயர்ந்த புல்லுக்குள் சென்று விழுந்தது. அதை அடிப்பதற்காக மட்டையைக் கீழே கொண்டுசென்றபோது, மட்டை புல்லில் உரசப் பந்து சிறிது அசைந்தது. அசைந்ததை அவரையன்றி வேறொருவரும் பார்க்கவில்லை. ஆனால் விதிப்படி அதற்கு ஓர் அடி தண்டம் உண்டு. பந்து அசைந்துவிட்டது என்று அவரே அறிவித்தார். உடன் ஆடியவர் வால்டர் ஹேகன் என்னும் புகழ்பெற்ற தொழில்முறை வீரர். பந்து அசைந்ததை யாரும் காணாத நிலையில், அலுவலர்கள் முடிவை ஜோன்ஸிடமே விட்டனர். அவர் தம் கணக்கில் ஓர் அடியைக் கூட்டி எழுதச் செய்தார். அச்சுற்றில் 76 ஆகவேண்டிய எண்ணிக்கை 77 ஆயிற்று.

நான்கு சுற்றுகள் முடிந்தபோது ஜோன்ஸும் வில்லி மேக்ஃபர்லேனும் 291 அடிகளுடன் சமநிலையில் நின்றனர். அந்த ஓர் அடி கூட்டப்படாதிருந்தால் பட்டம் அப்போதே ஜோன்ஸுடையது. சமநிலையைத் தீர்க்க 18 குழிகள் ஆடினர், இருவரும் 75. மறுபடியும் 18 குழிகள் ஆடினர். மேக்ஃபர்லேன் 72, ஜோன்ஸ் 73. ஒரே ஓர் அடியில் பட்டம் கைநழுவிப் போயிற்று.

அவருடைய நேர்மையைப் பாராட்டியவர்களிடம், ஒருவன் வங்கியைக் கொள்ளையடிக்காமல் இருந்ததற்காக அவனைப் புகழ்வதுபோல இருக்கிறது இது என்னும் பொருள்பட ஜோன்ஸ் விடையளித்ததாகச் சொல்வார்கள். வங்கியின் இதழில் இச்சொல்லை நினைவுகூர்வது பொருத்தமே. விதியைக் காப்பது பாராட்டுக்குரிய அருஞ்செயல் அன்று. அதுவே இயல்பு நிலை என்பது அவர் கருத்து. அடுத்த ஆண்டு ஓஹையோ மாநிலத்தின் ஸ்கியோட்டோ களத்தில், இதே போட்டியின் இரண்டாம் சுற்றில், காற்றால் பந்து அசைந்தபோதும் அவர் தம்மேல் ஓர் அடியை ஏற்றிக்கொண்டார். அம்முறை ஓர் அடி வேறுபாட்டில் பட்டம் அவருக்கே கிடைத்தது. முதலாண்டில் இழந்ததும் மறு ஆண்டில் வென்றதும் அவருடைய நடத்தையில் எவ்வித மாற்றத்தையும் உண்டாக்கவில்லை என்பதையே நாம் ஊன்றிப் பார்க்க வேண்டும்.

நான்கு பட்டங்கள், ஓர் ஆண்டு

1930-ஆம் ஆண்டு, அதுவரை யாரும் செய்திராத ஒன்றைச் செய்யும் எண்ணத்துடன் ஜோன்ஸ் கடல் கடந்து சென்றார். பிரிட்டனின் இரு பட்டங்கள், அமெரிக்காவின் இரு பட்டங்கள் ஆகிய நான்கையும் ஒரே ஆண்டில் வெல்வதே அது.

முதலாவது, செயின்ட் ஆண்ட்ரூஸில் நடந்த பிரிட்டிஷ் அமெச்சூர். இருவர் இருவராக மோதி, தோற்றவர் வெளியேறும் ஆட்டம் அது. சிரில் டோலியுடன் ஆடியபோது 18 குழிகளில் முடிவு தெரியாமல் 19-ஆவது குழியில்தான் வென்றார். ஜார்ஜ் வாய்ட்டுடன் ஆடியபோது, ஐந்து குழிகள் மட்டுமே மீதமிருக்கையில் இரண்டு குழிகள் பின்தங்கியிருந்து மீண்டார். இறுதி ஆட்டத்தில் ரோஜர் வெதரெட்டை எளிதாக வென்றார். ஜூன் மாதம் ஹாய்லேக்கில் ஓபன் பட்டம். இரண்டு அடி வேறுபாடு. ஜூலையில் மினசோட்டா மாநிலத்தின் இன்டர்லாக்கனில், கடும் வெப்பத்தினிடையே அமெரிக்க ஓபன் பட்டம். மீண்டும் இரண்டு அடி வேறுபாடு. செப்டம்பர் 27 அன்று மெரியனில் அமெரிக்க அமெச்சூர் பட்டம். 14 வயதுச் சிறுவனாக நாட்டின் கண்ணில் முதன்முதல் பட்ட அதே களத்தில், 28-ஆம் வயதில் யூஜீன் ஹோமன்ஸை வென்று நான்காவதையும் நிறைவு செய்தார்.

இந்த வெற்றிகளுக்கு அவர் கொடுத்த விலை வெளியே தெரியவில்லை. ஒவ்வொரு பெரும்போட்டியின்போதும் உணவு செல்லாமல் அவருடைய எடை பல பவுண்டுகள் குறைந்துவிடும். புறத்தே அமைதி, அகத்தே பெரும் அலைச்சல். அவ்வாண்டு நவம்பர் 17 அன்று, போட்டி ஆட்டத்திலிருந்து விலகுவதாக அறிவித்தார். புகழின் உச்சியில், உடல் வலிமை குன்றாதிருந்த வயதில் எடுத்த முடிவு அது.

விலகிய பின்னர், கோல்ஃப் ஆடும் முறையை விளக்கும் குறும்படங்களில் ஊதியம் பெற்று நடித்தார். மட்டைகளை வடிவமைத்துத் தரவும் ஒப்பந்தம் செய்துகொண்டார். இதில் முரண் ஏதுமில்லை. ஆட்டத்தால் பணம் ஈட்டுவது அமெச்சூர் நெறிக்குப் பொருந்தாது என்பதை அவரே வெளிப்படையாகச் சொல்லி, ஒரு கணக்கை முடித்த பின்னரே மறு கணக்கைத் தொடங்கினார். இரண்டையும் ஒன்றாகக் கலந்து ஆதாயம் தேடவில்லை.

ஆகஸ்டா: பெருமையும் குறையும்

அடுத்து அவர் மனம் ஒரு களத்தை உருவாக்குவதில் சென்றது. நியூயார்க்கைச் சேர்ந்த நிதித் துறையாளர் கிளிஃபோர்ட் ராபர்ட்ஸ் துணை நின்றார். ஜார்ஜியாவின் ஆகஸ்டா நகரில், முன்பு செடி வளர்ப்புப் பண்ணையாக இருந்த 365 ஏக்கர் நிலம் வாங்கப்பட்டது. களத்தை அலிஸ்டர் மெக்கன்சி ஜோன்ஸுடன் இணைந்து வடிவமைத்தார். பொருளாதாரப் பெருமந்தம் சூழ்ந்திருந்த காலம் அது. உறுப்பினர்களைச் சேர்ப்பதே அரிதாயிருந்தது. எனினும் 1934-இல் அங்கே முதற்போட்டி நடைபெற்றது. இன்று மாஸ்டர்ஸ் என்ற பெயரில் உலகெங்கும் அறியப்படுவது அதுவே. அமெச்சூர் வீரர்கள் சிலருக்கும் அழைப்பு விடுக்கும் வழக்கம் அப்போட்டியில் இன்றும் தொடர்கிறது.

இதன் மறுபக்கத்தையும் மறைக்காமல் கூற வேண்டும். கறுப்பின வீரர் ஒருவர் மாஸ்டர்ஸ் போட்டியில் முதன்முதலாக ஆடியது 1975-இல். அவர் லீ எல்டர். ஆகஸ்டா கழகத்தில் கறுப்பினத்தவர் ஒருவர் முதன்முதலில் உறுப்பினரானது 1990-இல். பெண்கள் உறுப்பினரானது 2012-இல். தம் எண்ணிக்கை அட்டையில் ஓரடியும் பிழையாதிருந்த மனிதர் வாழ்ந்த சமூகத்தின் கணக்கில், இத்தகைய பெரும் பிழைகள் திருத்தப்படாமலே நெடுங்காலம் கிடந்தன. ஒருவருடைய வரவை எழுதும்போது, அவரைச் சூழ்ந்திருந்த பற்றையும் எழுதினால்தான் கணக்கு நேராகும்.

பந்து கிடக்கும் இடத்திலிருந்து

1948-இல் ஜோன்ஸுக்குத் தண்டுவடத்தைப் பாதிக்கும் சிரிங்கோமைலியா என்னும் அரிய நோய் வெளிப்பட்டது. தண்டுவடத்தின் உள்ளே நீர் நிரம்பிய குழி உண்டாகி, கைகால்களின் வலுவையும் உணர்வையும் சிறிது சிறிதாகக் குறைக்கும் நோய் அது. அவ்வாண்டுக்குப் பின் அவர் கோல்ஃப் ஆடவில்லை. முதலில் கைத்தடி, பிறகு கால் தாங்கிகள், இறுதியில் சக்கர நாற்காலி. பந்து கிடக்கும் இடத்திலிருந்தே அதை அடிக்க வேண்டும் என்பது கோல்ஃபின் அடிப்படை விதி. தம் நோயைப் பற்றிப் பேச்சு வந்தபோதும் அவர் அவ்விதியையே சுட்டினார் என்பர்.

1958-இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரம் அவரைத் தன் கௌரவக் குடிமகனாக ஏற்றது. அமெரிக்கர் ஒருவருக்கு அச்சிறப்பு, 1759-இல் பெஞ்சமின் பிராங்க்ளினுக்குப் பின் அப்போதுதான் வழங்கப்பட்டது. பொறுமையிழந்து போட்டியைக் கைவிட்ட அதே ஊர் அது. 1927-இல் அங்கே ஓபன் பட்டத்தை வென்றபோது, கோப்பையைத் தம்முடன் எடுத்துச் செல்லாமல் அவ்வூரிலேயே வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டவர் அவர். அன்றே அவ்வூர் மக்கள் அவரைத் தம்மவராகக் கொண்டனர். தம் வாழ்க்கையிலிருந்து செயின்ட் ஆண்ட்ரூஸ் நாட்கள் தவிர மற்றெல்லாவற்றையும் எடுத்துவிட்டாலும், தாம் நிறைவாழ்வு வாழ்ந்ததாகவே கொள்வேன் என்னும் கருத்துப்பட அவர் அவ்விழாவில் பேசினார். பழைய களத்தின் 10-ஆம் குழி இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1971 டிசம்பர் 18 அன்று அவர் மறைந்தார்.

நாம் கொள்ளத்தக்கவை

இவ்வரலாற்றிலிருந்து நாம் மூன்று செய்திகளை எடுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, பலன் தாமதமாகலாம் என்பது. பெருந்திறமை படைத்தவருக்கும் ஏழு ஆண்டுகள் பட்டம் கிட்டவில்லை. அந்த ஆண்டுகளில் அவர் சேர்த்தது பொறுமை. சிறுகச் சிறுகச் சேமிப்பவர்க்கு இது விளங்காத செய்தியன்று.

இரண்டாவது, யாரோடு நம்மை ஒப்பிடுகிறோம் என்பது. அண்டை வீட்டாரின் வரவையும் செலவையும் பார்த்து நம் செலவை வகுத்துக்கொண்டால் அமைதி இராது. நம் வரவுக்கும் தேவைக்கும் ஏற்ற ஓர் அளவை நாமே வகுத்து, அதனோடு நம்மை ஒப்பிட்டால் பதற்றம் குறையும். ஜோன்ஸுக்குப் ‘பார்’ செய்த உதவி அதுவே.

மூன்றாவது, கணக்கின் மெய்ம்மை என்பது. ஒரு கணக்கில் நமக்கு ஆதாயமான பிழை நேர்ந்திருப்பதை நாம் மட்டுமே கண்டுபிடிக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் தவறுதலாகக் கூடுதலாய்த் தந்த சில்லறையாக இருக்கலாம். நமக்கு உரியதல்லாத தொகை நம் கணக்கில் வந்து சேர்ந்ததாக இருக்கலாம். நாம் சொன்னாலன்றி யாருக்கும் தெரியாது. அப்பொழுது நாம் நிற்பது, வுஸ்டர் களத்தின் உயர்ந்த புல்லில் ஜோன்ஸ் நின்ற அதே இடம். அவருடைய நேர்மைக்கு அன்று பரிசு கிடைக்கவில்லை, பட்டமே பறிபோயிற்று. நேர்மை எப்போதும் ஆதாயம் தரும் என்று வாசகர்களுக்கு நாம் வாக்களிக்க முடியாது. ஆனால் அன்று பட்டம் வென்ற மேக்ஃபர்லேனைவிட, தோற்ற ஜோன்ஸையே உலகம் மிகுதியாக நினைவில் வைத்திருக்கிறது. ஒருவர் சொல்லை மற்றவர் நம்பிக் கொடுப்பதும் வாங்குவதும் நடக்கும் உலகில், அத்தகையோர் இருப்பதனால்தான் நாம் எழுதும் கணக்குகளுக்கு மதிப்பு உண்டாகிறது.